இதயம் நின்ற பிறகு காரணத்தைத் தேடுவது எப்படி: கொழும்பு வாட்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ படித்து முடித்துவிட்டு, கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மெடிக்கல் வாட்டில் முதல் இரவுக் கடமைக்கு நிற்கிறீர்கள். அல்லது பயிற்சி முடித்துச் சில வாரங்களே ஆன தாதியாக இருக்கிறீர்கள். நடுச்சாமம் தாண்டி 17ஆம் கட்டில் பக்கமிருந்து யாரோ கத்துகிறார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால் நோயாளி அசையவில்லை, மூச்சில்லை, கழுத்தில் நாடி இல்லை. இந்த இடத்தில் நிற்கப்போகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நெஞ்சை அழுத்தத் தெரியும், அட்ரினலின் போடத் தெரியும், ஷொக் கொடுக்கத் தெரியும். வகுப்பில் பொம்மையை வைத்துப் பழகியிருப்பீர்கள். ஆனால் பொம்மைக்குப் பழைய வருத்தம் எதுவும் கிடையாது. நிஜ நோயாளியின் இதயம் ஏதோ ஒன்றால் நின்றிருக்கிறது. அந்த ஏதோ ஒன்று சில வேளை ஓர் ஊசியாலோ, ஒரு பை இரத்தத்தாலோ, கழன்று கிடக்கும் ஒரு குழாயைத் திரும்ப மாட்டுவதாலோ சரியாகிவிடும். அதைக் கண்டுபிடிக்காவிட்டால் எவ்வளவு நேரம் அழுத்தினாலும் இதயம் திரும்பாது. கொழும்பில் தமிழ் பேசும் உங்களுக்கு இந்தத் தேடலில் தனிப்பட்ட பங்கு ஒன்று இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

கீழே உள்ள அளவுகள் எல்லாம் வளர்ந்தவர்களுக்கானவை. உங்கள் வாட்டில் எழுதி ஒட்டியிருக்கும் நடைமுறை வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கடமை ஏற்கும்போதே

எமர்ஜென்சி ட்ரொலியைத் திறந்து உங்கள் கையாலேயே தொட்டுப் பாருங்கள். அட்ரினலின் எல்லா ட்ரொலியிலும் இருக்கும். காரணத்துக்கு வைத்தியம் செய்யும் மருந்துகள்தான் பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும். 10% கல்சியம் குளுக்கோனேட் 10 மில்லிலீற்றர் அம்பியூல் குறைந்தது 3, 50% டெக்ஸ்ட்ரோஸ், 8.4% சோடியம் பைகாபனேட், மக்னீசியம், 14 அல்லது 16 கேஜ் கெனுலா (நரம்பில் ஏற்றும் பெரிய ஊசிக்குழாய்) இரண்டு, குளுக்கோமீற்றரும் அதன் ஸ்ட்ரிப்பும். சொலுபிள் இன்சுலின் பிரிட்ஜில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று மிஸ்ஸிடம் கேட்டு வையுங்கள். டிபிபிரிலேட்டர் பிளக்கில் இருக்கிறதா, உண்மையிலேயே சார்ஜ் ஏறுகிறதா என்றும் பாருங்கள்.

அம்பு பேக்கையும், அதாவது கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பையையும், பாருங்கள். அதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், நான் இன்டர்னாக இருந்தபோது ஓர் இரவு நடந்ததை இன்னும் மறக்கவில்லை. ஐந்து பேர் கட்டிலைச் சுற்றி நின்றோம். அழுத்துகிறோம், பேக்கை அமுக்குகிறோம், மருந்து போகிறது. இரண்டு சுற்று முடிந்த பிறகு வயதான சிற்றூழியர் ஒருவர் எதுவும் பேசாமல் குனிந்து, கட்டிலுக்கடியில் கிடந்த பச்சைக் குழாயை எடுத்து என்னிடம் நீட்டினார். பேக்கிலிருந்து வந்த ஒட்சிசன் குழாய் சுவரில் மாட்டப்படவே இல்லை. நான்கு நிமிடமாக வெறுங்காற்றைத்தான் கொடுத்திருக்கிறோம். அன்றிலிருந்து கட்டிலை நெருங்கியதும் பேக்கில் தொடங்கி சுவர்வரைக்கும் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போகிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

முதல் இரண்டு நிமிடம்

இதில் புதிதாக எதுவும் இல்லை. மார்பின் நடுவில் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. மொனிற்றரில் வி.எப். (இதயக் கீழறைகள் ஒழுங்கின்றி நடுங்குவது) அல்லது நாடியில்லாத வி.ரீ. (கீழறைகள் மட்டுமீறிய வேகத்தில் அடிப்பது) தெரிந்தால் உடனே ஷொக். அவை இல்லாவிட்டால் நரம்பில் மருந்து ஏற்ற வழி கிடைத்தவுடன் அட்ரினலின் 1 மில்லிகிராம், பிறகு 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு முறை. ஷொக் கொடுக்கும் தாளமானால் மூன்றாவது ஷொக்குக்குப் பிறகு அட்ரினலினும் அமியோடரோன் 300 மில்லிகிராமும். அழுத்துபவரை 2 நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

முதல் சுற்றிலேயே ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, காரணம் தேடும் வேலையைக் கொடுத்துவிடுங்கள். அவர் நெஞ்சையும் தொட வேண்டாம், மருந்தும் இழுக்க வேண்டாம். பீ.எச்.ரீ.யை, அதாவது நோயாளியின் வாட்டுப் பதிவுக் கொப்பியை, புரட்டுவது, மருந்துச் சார்ட்டைப் பார்ப்பது, கடைசி இரத்த முடிவுகளைத் தேடுவது, ஓடிக்கொண்டிருக்கும் சேலைனில் என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பது, சொந்தக்காரரிடம் கேட்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஆட்கள் இல்லையென்றால் அணியை நடத்துபவரே இதைச் செய்யலாம், கட்டிலின் கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரிந்தவராக இருந்தால்.

நாலு எச், நாலு ரீ

காரணங்களை ஆங்கில முதலெழுத்தால் நினைவில் வைத்திருப்பீர்கள். எச் வரிசையில் ஒட்சிசன் குறைவு, இரத்த அளவு குறைவு, பொட்டாசியம் முதலிய உப்புகளின் ஏற்ற இறக்கம், உடல் வெப்பம். ரீ வரிசையில் இரத்தக்கட்டி, டென்ஷன் நியூமோதொரக்ஸ் (நெஞ்சுக்குள் காற்று அடைபட்டு அமுக்குவது), டம்பொனேட் (இதயத்தைச் சுற்றி நீரோ இரத்தமோ சேர்ந்து அமுக்குவது), நஞ்சு. இதை மனப்பாடமாக ஒப்பித்தால் மட்டும் போதாது. அழுத்துவதைச் சற்று நிறுத்தி மொனிற்றரைப் பார்க்கும் ஒவ்வொரு தாளச் சோதனைக்குப் பிறகும் எட்டையும் வாய்விட்டுச் சொல்லி, “இது இல்லை, இது இருக்கலாம்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி தீர்மானியுங்கள். மருந்தின் பெயரையும் நோயின் பெயரையும் ஆங்கிலத்தில் சொன்னால் சிங்களம் பேசுபவருக்கும் தமிழ் பேசுபவருக்கும் ஒரே மாதிரி விளங்கும். அந்த நேரத்தில் உங்கள் சிங்களம் சரியா பிழையா என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

மொனிற்றரிலிருந்தும் ஒரு துப்புக் கிடைக்கும். நாடி இல்லை, ஆனால் ஈசிஜி கோடு ஓடுகிறது என்றால் அந்தக் கோட்டின் அகலத்தைப் பாருங்கள். ஒடுக்கமான கோடு வேகமாக ஓடினால் இதயத்துக்கு இரத்தம் வந்து சேரவில்லை அல்லது வெளியே போக வழியில்லை என்று முதலில் நினையுங்கள்: இரத்தப் போக்கு, டென்ஷன், டம்பொனேட், நுரையீரல் கட்டி. அகலமாக, மெதுவாக, உருக்குலைந்து ஓடினால் பொட்டாசியம் அல்லது நஞ்சு பக்கம் திரும்புங்கள். வி.எப். என்றால் மாரடைப்பு முன்னுக்கு வரும். இது நூற்றுக்கு நூறு சரியாக இருக்காது. ஆனாலும் எங்கே முதலில் தேடுவது என்று காட்டித் தரும்.

ஒட்சிசன்

குழாய் மாட்டியிருக்கிறதா, ஒட்சிசன் தேங்கும் ரிசர்வோயர் பை ஊதி நிற்கிறதா, இரண்டு பக்க நெஞ்சும் உயர்கிறதா? வாயில் சளியோ சோறோ இருந்தால் முதலில் உறிஞ்சுங்கள். ஏற்கெனவே வென்றிலேற்றரில் இருப்பவரின் இதயம் நின்றால் மெஷினைக் கழற்றிவிட்டுக் கையால் பேக் செய்யுங்கள். மூச்சு டியூப் இடம் மாறியதா, அடைத்ததா, நெஞ்சுக்குள் காற்று சேர்ந்ததா, மெஷினில் கோளாறா என்று அதே வரிசையில் பாருங்கள்.

இரத்த அளவு

வெளியே இரத்தம் தெரிந்தால் யாருக்கும் விளங்கும். தெரியாத இரத்தம்தான் ஆளை ஏமாற்றும். கறுப்பாக மலம் போனதா, வயிறு வீங்கியிருக்கிறதா, இளம் பெண்ணென்றால் கருப்பை வெளிக் கர்ப்பமா என்று யோசியுங்கள்.

கொழும்பில் இந்த இடத்தில் டெங்கு வந்தே தீரும். 2017இல் நாடு முழுக்க 186,000க்கும் அதிகமான டெங்கு நோயாளர் பதிவானார்கள். மழைக்குப் பிறகான மாதங்களில் மெடிக்கல் வாட்டில் தரையில் பாய் போட்டும் ஆட்கள் இருப்பார்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். நாளங்களிலிருந்து நீர் கசிந்து 24 முதல் 48 மணித்தியாலம் வரை நோயாளி அந்தக் கட்டத்தில் இருப்பார். காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டார் நிம்மதியாக இருக்கும்போதே கை கால் குளிர்ந்து, மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் இடையிலான வித்தியாசம் 20 அல்லது அதற்கும் கீழே இறங்கிவிடும். அப்படிப்பட்டவரின் இதயம் நின்றால் கிலோவுக்கு 10 மில்லிலீற்றர் என்ற கணக்கில் சேலைனை வேகமாக விடுங்கள், கூடவே ஹீமற்றோக்கிரிட்டை, அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் வீதத்தை, பாருங்கள். அது ஏறியிருந்தால் கசிவு. ஆள் மோசமாகிக்கொண்டு போகிறார், ஹீமற்றோக்கிரிட் மட்டும் இறங்குகிறது என்றால் உள்ளே எங்கோ இரத்தம் போகிறது, அப்போது தேவை இரத்தம். சேலைனை மேலும் மேலும் விடுவதால் பிரயோசனமில்லை, நுரையீரலைச் சுற்றித்தான் நீர் கட்டும்.

நம் நாட்டு டெங்கு வழிகாட்டலில் ஏ, பீ, சீ, எஸ் என்று நாலு எழுத்து இருக்கிறது: அசிடோசிஸ் (இரத்தத்தில் அமிலம் கூடுவது), இரத்தப்போக்கு, கல்சியம், சீனி. திரவம் கொடுத்தும் தேறாதவரிடம் இவை நாலையும் பார்க்கச் சொல்கிறது. இதயம் நின்ற டெங்கு நோயாளியிடம் எட்டுக் காரணங்களோடு இந்த நாலையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். கல்சியமும் சீனியும் அவசரத்தில் எல்லோரும் மறப்பவை.

ஒவ்வாமையால் நின்ற இதயமும் ஒருவகையில் இரத்த அளவுக் குறைவுதான். சற்று முன் என்ன ஊசி போட்டார்கள் என்று கேளுங்கள், அட்ரினலினோடு திரவத்தையும் தாராளமாக விடுங்கள்.

பொட்டாசியம்

இந்தப் பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள். சிறுநீரக வருத்தக்காரர் நிறைந்த வாட்டில் இதுதான் கைமேல் பலன் தரும் காரணம்.

ஒரு திங்கட்கிழமை விடியற்காலை, கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்து ஒரு ஐயாவைக் கொண்டுவந்தார்கள். வரும்போது பேசிக்கொண்டிருந்தார், கால் தூக்க ஏலாமல் இருக்கிறது என்றார். ஈசிஜி எடுக்க வயரை மாட்டிக்கொண்டிருக்கும்போதே நாடி போய்விட்டது. மொனிற்றரில் அகலமான அலை, ஏறி இறங்கும் மலைத்தொடர் மாதிரி. அழுத்தத் தொடங்கினோம். அணியில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கதவடியில் மகள் ஒரு சொப்பிங் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தங்கச்சி, அப்பாவுக்கு என்ன வருத்தம்?”

“கிட்னி மிஸ். கிழமைக்கு ரெண்டு தரம் டயலிசிஸ். வியாழக்கிழமை போகேல்ல, வீட்டில விசேஷம் எண்டு.”

“நேற்று என்ன சாப்பிட்டவர்?”

“சாப்பாடு குறைவு மிஸ். வெயிலெண்டு செவ்விளநீர் மட்டும் ரெண்டு மூண்டு குடிச்சவர்.”

பைக்குள் கிளினிக் கொப்பி. கடைசிப் பக்கத்தில் லோசாட்டன், அதற்குக் கீழே ஸ்பைரோனோலக்டோன். இரண்டுமே பொட்டாசியத்தை ஏற்றும் மருந்துகள், இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். இரத்த முடிவு வரும்வரை நாங்கள் காத்திருக்கவில்லை. 10% கல்சியம் குளுக்கோனேட் 30 மில்லிலீற்றரை மூன்று அம்பியூலிலிருந்து இழுத்து நேராக ஏற்றினோம். கடைசி அம்பியூல் ஏறி முடிந்த சுற்றில் அலை ஒடுங்கியது, அதற்கடுத்த சுற்றில் கழுத்தில் நாடி வந்தது. அன்று காலையிலேயே அவரை டயலிசிஸுக்கு அனுப்பினார்கள்.

இனி செய்முறை. இதயம் நின்ற நிலையில் பொட்டாசியம் என்று சந்தேகம் வந்தால் 10% கல்சியம் குளோரைட் 10 மில்லிலீற்றர், அது இல்லாவிட்டால் குளுக்கோனேட் 30 மில்லிலீற்றர், வேகமாக. கல்சியம் பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத் தசையைச் சற்று நேரம் காப்பாற்றி வைக்கும். அந்த அவகாசத்துக்குள் சொலுபிள் இன்சுலின் 10 யூனிற்றும் 25 கிராம் குளுக்கோசும், அதாவது 50% டெக்ஸ்ட்ரோஸ் 50 மில்லிலீற்றரும், கொடுங்கள். 8.4% பைகாபனேட் 50 மில்லிலீற்றரும் போகலாம். ஆனால் கல்சியம் போன அதே லைனில் பைகாபனேட்டைத் தொடர்ந்து விட்டால் சுண்ணாம்பு மாதிரிப் படிந்து லைன் அடைத்துவிடும். இடையில் சேலைனால் நன்றாகக் கழுவுங்கள். டயலிசிஸ் பிரிவை இப்போதே தொலைபேசியில் எழுப்புங்கள். அழுத்திக்கொண்டே டயலிசிஸ் செய்வதும் நடைமுறையில் உண்டு. நாடி வந்த பிறகு சீனியை அடிக்கடி பாருங்கள். ஏற்றிய இன்சுலின் பல மணித்தியாலம் வேலை செய்யும்.

பொட்டாசியம் குறைந்தும் இதயம் நிற்கும். வயிற்றோட்டம், வாந்தி, நீர் போக்கும் மாத்திரை என்று கேள்விப்பட்டால் அதை நினையுங்கள். அப்போது பொட்டாசியத்தோடு மக்னீசியம் 2 கிராமும் தேவை. பொட்டாசியத்தை ஏற்றும் வேகத்தைப் புதியவர் தனியாகத் தீர்மானிக்க வேண்டாம், மூத்த வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

உடல் வெப்பம்

கொழும்பில் குளிரால் நிற்கும் இதயத்தைப் பார்ப்பது அரிது. நீரில் மூழ்கியவரிடம் மட்டும் தெர்மோமீற்றர் வையுங்கள். கட்டட வேலையிலோ துறைமுகத்திலோ வெயிலில் விழுந்தவரென்றால் எதிர்ப்பக்கம் யோசியுங்கள், உடலைக் குளிர வையுங்கள்.

இரத்தக்கட்டி

மாரடைப்பென்றால் இதயம் திரும்பியவுடன் 12 லீட் ஈசிஜி எடுத்து இதய நோய்ப் பிரிவுக்கு அறிவியுங்கள். நுரையீரலுக்குப் போன கட்டியைச் சந்தேகிக்கக் காரணம் பெரும்பாலும் பழைய கதையில் இருக்கும்: இரண்டு கிழமைக்கு முன் சத்திரசிகிச்சை, பிள்ளைப்பேறு, ஒற்றைக் காலில் வீக்கம், நீண்ட நாள் படுக்கை. இதயம் நிற்கும் முன் “மூச்சு எடுக்க ஏலாது” என்று சொன்னாரா என்று பக்கத்துக் கட்டில்காரரைக் கேளுங்கள். கட்டி கரைக்கும் மருந்து கொடுக்கத் தீர்மானித்தால் அதன் பிறகு 60 முதல் 90 நிமிடம் வரை அழுத்தத் தயாராக இருக்க வேண்டும். மருந்து வேலை செய்ய அவ்வளவு நேரம் எடுக்கும், அதனால் ஆட்களை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சுக்குள் காற்று, இதயத்தைச் சுற்றி நீர்

டென்ஷன் நியூமோதொரக்ஸைக் கண்ணும் கையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எக்ஸ்ரேக்கு நேரமில்லை. ஒரு பக்க நெஞ்சு உயராது, தட்டினால் வெற்றுப் பானை மாதிரிச் சத்தம், கழுத்து நரம்பு புடைத்திருக்கும், பேக்கை அமுக்கக் கடினமாக இருக்கும். மூச்சுக்குழாய் ஒரு பக்கம் இழுபடும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அது பிந்தித்தான் வரும், சில வேளை வரவே வராது. ஆஸ்மாகாரர், விபத்தில் வந்தவர், கழுத்தில் சென்ரல் லைன் (பெரிய நரம்புக்குள் போகும் நீளக் குழாய்) போட்டு ஒரு மணித்தியாலம் ஆகாதவர் ஆகிய மூவரிடமும் கட்டாயம் தேடுங்கள். பெரிய கெனுலாவை இரண்டாம் விலா இடைவெளியில் காறை எலும்பின் நடுக்கோட்டிலோ, நான்காம் அல்லது ஐந்தாம் இடைவெளியில் அக்குள் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னாலோ, கீழ் விலாவின் மேல் விளிம்பை ஒட்டிக் குத்துங்கள். காற்று சீறும். பருமனானவரிடம் கெனுலா எட்டாமலும் போகலாம், தெரிந்தவர் இருந்தால் நெஞ்சை வெட்டி விரலால் திறப்பது நம்பகமானது. இரண்டில் எதைச் செய்தாலும் பிறகு நெஞ்சுக்குள் டியூப் போட வேண்டும்.

டம்பொனேட்டை அல்ட்ராசவுண்ட் இல்லாமல் உறுதிப்படுத்துவது கடினம். நெஞ்சில் காயம், காசநோய், புற்றுநோய், முற்றிய சிறுநீரக வருத்தம் என்ற கதை இருந்தால் மெஷினைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஸ்கான் செய்கிறோம் என்று அழுத்துவதை நிறுத்திவிட்டு எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பது அடிக்கடி நடக்கிறது. அழுத்தும்போதே மார்பெலும்புக்குக் கீழே புரோப்பை வைத்துத் தயாராகுங்கள், தாளச் சோதனையின் 10 வினாடிக்குள் வீடியோ பதியுங்கள், அழுத்தம் மீண்டும் தொடங்கிய பிறகு ஆறுதலாகப் பாருங்கள். வலது இதயம் பெருத்திருப்பதை மட்டும் வைத்து நுரையீரல் கட்டி என்று முடிவெடுக்காதீர்கள். நின்ற இதயம் எதுவானாலும் வலப்பக்கம் பெருக்கலாம்.

நஞ்சு

வீட்டார் வெட்கத்திலும் பயத்திலும் இதை மறைப்பார்கள். கூட்டமாக நிற்பவர்களிடம் கேட்டால் பதில் வராது. ஒருவரை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டு, “பொலிசுக்கு இல்லை, மருந்து தேடத்தான் கேட்கிறேன்” என்று தமிழில் சொல்லுங்கள். அப்போதுதான் வெறும் மாத்திரை அட்டையோ போத்தலோ வெளியே வரும். பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினி என்றால் வாய் நிறையச் சளியோடு கண்மணி சுருங்கியிருக்கும். அட்ரோப்பினும் ஒட்சிசனும் அங்கே உயிர்நாடி. மனச்சோர்வு மருந்துகளில் பழைய ட்ரைசைக்ளிக் வகையாக இருந்து ஈசிஜி அகலமாக ஓடினால் பைகாபனேட் 50 மில்லிலீற்றர். அலரி விதையின் நஞ்சு டிகொக்சின் என்ற இதய மருந்து மாதிரி வேலை செய்து இதயத்தை மெதுவாக்கி அடைத்துவிடும். அதற்கு நஞ்சு முறிக்கும் மருந்து பலன் தரும் என்று காட்டிய, 2000இல் வெளியான ஆய்வு நம் நாட்டு நோயாளரிடம்தான் நடந்தது. கொழும்பு தேசிய வைத்தியசாலையிலேயே தேசிய நஞ்சுத் தகவல் நிலையம் இருக்கிறது. அதன் இலக்கத்தை இன்றே கைபேசியில் பதிந்து வையுங்கள். நஞ்சால் நின்ற இதயத்தைச் சீக்கிரம் கைவிடாதீர்கள். நஞ்சு இறங்கும்வரை ஆளைத் தாங்கிப் பிடித்தால் நீண்ட நேரத்துக்குப் பிறகும் திரும்புவார்கள்.

கர்ப்பிணி

வயிறு தொப்புளுக்கு மேலே இருந்தால் ஒருவர் இரண்டு கையாலும் கருப்பையை இடப்பக்கம் தள்ளிப் பிடித்தபடியே இருக்க வேண்டும். நின்ற நிமிடத்திலேயே மகப்பேற்று அணியைக் கூப்பிடுங்கள். இதயம் திரும்பாவிட்டால் 5 நிமிடத்துக்குள் குழந்தையை எடுப்பது தாயைக் காப்பாற்றத்தான்.

கதவுக்கு வெளியே

கொழும்பு வாட்டுகளில் அணி பெரும்பாலும் சிங்களத்தில் பேசும். வெள்ளவத்தையிலிருந்தோ மட்டக்குளியிலிருந்தோ தோட்டப்புறத்திலிருந்து மாற்றி அனுப்பப்பட்டோ வந்த குடும்பம் தமிழ் மட்டும் தெரிந்து வெளியே நிற்கும். இடையில் இருப்பது ஒரு கதவுதான், ஆனால் காரணம் அந்தப் பக்கத்திலேயே தங்கிப் போய்விடும். தமிழ் தெரிந்த நீங்கள் அணியில் இருந்தால் யாரும் சொல்லும்வரை நிற்காதீர்கள், “நான் போய்க் கேட்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போங்கள். அரை நிமிடம் போதும். அம்மா, அண்ணை, தங்கச்சி என்று உறவு சொல்லி அழைத்து, கடைசியாக நல்லா இருந்தது எப்போது, விழுவதற்கு முன் என்ன சொன்னார், என்ன வருத்தம், என்ன மருந்து, எதையாவது விட்டாரா அல்லது கூடக் குடித்தாரா, கிளினிக் கொப்பி எங்கே என்று கேளுங்கள். ‘டயலிசிஸ்’, ‘ஒப்பரேஷன்’, ‘பிரஷர் குளிசை’ என்று அவர்கள் வாயில் வரும் சொல்லையே நீங்களும் பாவியுங்கள். உள்ளே வந்து கேட்டதை ஒரே வரியில் சத்தமாகச் சொல்லுங்கள்.

வீட்டிலிருந்து 1990 சுவசெரிய அம்புலன்ஸில் கொண்டுவந்தவரென்றால் அந்தப் பணியாளர் திரும்பிப் போவதற்குள் பிடித்துக் கேளுங்கள். வீட்டில் எந்த நிலையில் கிடந்தார், பக்கத்தில் என்ன கிடந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இதயம் திரும்பிய பிறகு

காரணம் அப்படியே இருந்தால் அரை மணித்தியாலத்தில் திரும்பவும் நிற்கும். அதனால் நாடி வந்ததும் கலைந்து போகாதீர்கள். ஒட்சிசன் அளவை 94 முதல் 98 சதவீதத்துக்குள் வைத்து, ஈசிஜி, இரத்தவாயு, பொட்டாசியம், சீனி ஆகியவற்றைத் திரும்பப் பாருங்கள். ஐ.சீ.யூ.வுக்குச் சொல்லுங்கள். பீ.எச்.ரீ.யில் நின்ற நேரம், ஒவ்வொரு மருந்தும் போன நேரம், நீங்கள் சந்தேகித்த காரணம், அதற்கு என்ன செய்தீர்கள் என்பதை எல்லாம் அப்போதே எழுதுங்கள். காலையில் வரும் சேர் கேட்கும்போது நினைவிலிருந்து சொல்ல வராது.

அப்புறம் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு திரும்ப வெளியே போங்கள். இதயம் திரும்பியிருந்தாலும் திரும்பாவிட்டாலும், உங்களிடம் பதில் சொன்ன அந்த மகள் இன்னும் அதே இடத்தில்தான் நிற்பாள். பக்கத்தில் இருத்தி, என்ன நடந்தது, ஏன் நடந்தது, அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கு விளங்குகிற தமிழில் சொல்லுங்கள். செவ்விளநீர் கொடுத்தது தான்தானே என்று அவள் கேட்டால், குற்றம் சுமத்தாத ஒரு பதிலை முதலிலேயே யோசித்து வைத்திருங்கள். நான் சொன்னது இது: “உங்களுக்கு இதை யாரும் சொல்லித் தரேல்ல அம்மா, இனிமேல் நாங்கள் சொல்லித் தாறம்.” சொன்னபடியே அந்தக் கிழமை டயலிசிஸ் பிரிவு மிஸ்ஸோடு சேர்ந்து, தவிர்க்க வேண்டிய உணவுகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதி அவள் கொப்பிக்குள் ஒட்டிக் கொடுத்தேன்.